நெஞ்சாங்குலையைச் சுற்றி ஒரு பை: இதய உறை அழற்சியின் வரலாறு

அல்லிநகரத்தில் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் முதலில் கிடைப்பது ஓமத் தண்ணீர். "வாயுப் பிடிப்பா இருக்கும், நாலு பூண்டைச் சுட்டுத் தின்னு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் உடனே அடுத்த பயம் வந்துவிடும்: "ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ?"

வாயுவுக்கும் ஹார்ட் அட்டாக்குக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் பலருக்கும் தெரியாது. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை வீங்கிப் புண்ணாவது. தமிழில் இதய உறை அழற்சி, டாக்டர்கள் சொல்வது பெரிகார்டைடிஸ். இதன் வரலாறு ரொம்பப் பழையது. ரோமில் ஆரம்பித்து, பாரிஸ், வியன்னா எல்லாம் சுற்றி, நம்ம சென்னைக்கும், நம் பக்கத்து வயல்களில் பூக்கும் ஒரு பூவுக்கும் வந்து சேர்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

அது என்ன உறை?

நெஞ்சாங்குலை என்று நம் ஊரில் சொல்லும் இதயம் மார்புக்குள் சும்மா தொங்கிக் கொண்டிருக்கவில்லை. இரண்டு அடுக்குள்ள ஒரு பைக்குள் இருக்கிறது. இரண்டு அடுக்குக்கும் நடுவே கொஞ்சம் நீர் உண்டு. சாதாரணமாக 15 முதல் 50 மில்லி வரை. வண்டிச் சக்கர அச்சுக்கு மை போடுவது போலத்தான் அந்த நீர். நாள் ஒன்றுக்கு லட்சம் தடவை துடிக்கும் இதயம் உரசாமல் இருக்க அது வேண்டும்.

இந்தப் பையில் அழற்சி வந்தால் மூன்று விதமாகத் தொல்லை வரலாம். ஒன்று, அடுக்குகள் சொரசொரப்பாகி ஒன்றோடொன்று உரசும், வலிக்கும். இரண்டு, பைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அளவு மீறினால் இதயம் விரிய இடமில்லாமல் திணறும். மூன்று, மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பை தடித்து, இறுகி, சில பேருக்குச் சுண்ணாம்பு படிந்து ஓடு மாதிரி ஆகிவிடும். அப்புறம் இதயம் ஒரு கூட்டுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

எப்படித் தெரியும்?

இந்த வலிக்கு ஒரு தனி குணம் உண்டு. நெஞ்சின் நடுவிலோ இடது பக்கத்திலோ கத்தியால் குத்துவது போல வலிக்கும். மூச்சை இழுத்தால் கூடும், மல்லாந்து படுத்தால் கூடும். எழுந்து உட்கார்ந்து முன்பக்கம் குனிந்தால் குறையும். சிலருக்கு வலி இடது தோள்பட்டைக்கும் கழுத்தோரத்துக்கும் ஏறும். கூடவே காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் இருக்கலாம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் புதுச் செருப்பு கிறீச்சிடுவது போல ஓர் உரசல் சத்தம் கேட்கலாம். ஈ.சி.ஜி.யிலும் சில மாற்றங்கள் தெரியும்.

குனிந்தால் குறைகிறது என்பதால் "இது அட்டாக் இல்லை" என்று வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. அதை ஈ.சி.ஜி. பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நீர் அதிகமாகக் கோத்துக்கொண்டால் ரத்த அழுத்தம் இறங்கும், கழுத்து நரம்புகள் புடைக்கும், இதயத் துடிப்பின் சத்தம் மங்கிவிடும். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னவர் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக், 1935-ல். அவர் பெயரிலேயே இதை பெக்கின் மும்மை என்கிறார்கள். இது உயிர் போகிற அவசரம். உடனே நீரை எடுத்தாக வேண்டும்.

உறை இறுகிப் போனவருக்கோ வலியே இருக்காது. கால் வீங்கும், வயிறு நீர் கோத்துப் பெருக்கும், கை கால் மெலியும். பார்ப்பவர்கள் "ஈரல் கெட்டுப் போச்சு, குடிச்சிருப்பான்" என்று பேசுவார்கள். குற்றம் ஈரலில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது என்பது கண்டுபிடிக்கப்படாமலே பல மாதங்கள் போய்விடுவது உண்டு.

ஏன் வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை ஊரைப் பொறுத்தது! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அல்லது காரணம் தெரியாமலே போய்விடும். சளிக் காய்ச்சல் மாதிரி ஒன்று வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில் நெஞ்சு வலிக்கும். காசநோய் அதிகம் உள்ள இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோயை. நுரையீரல் காசநோய் வந்த 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இதய உறையும் பாதிக்கப்படலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

மற்ற காரணங்களும் உண்டு. சிறுநீரகம் செயலிழப்பது (இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிரைட் 1836-லேயே இதைக் கவனித்தார்), மூட்டுவாதக் காய்ச்சல், லூபஸ் நோய், புற்றுநோய், மார்பில் அடிபடுதல், மாரடைப்புக்குச் சில வாரம் கழித்து வருவது (1956-ல் வில்லியம் டிரெஸ்லர் விவரித்தது). 2021-க்குப் பிறகு கொரோனா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ. வகையைப் போட்ட சில இளைஞர்களுக்கு அபூர்வமாக வந்ததும் பதிவாகியிருக்கிறது. கொரோனா தொற்றினாலும் வந்தது.

செத்த பிறகு தெரிந்த நோய்

பல நூற்றாண்டுகள் இந்த நோய் மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் நோயாளி இறந்த பிறகுதான் தெரிந்தது. அதுதான் இந்த வரலாற்றின் சோகம்.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன், விலங்குகளை அறுத்துப் பார்த்து இதயப் பைக்குள் நீர் சேர்ந்திருப்பதை எழுதினார். 1162-ல் இறந்த ஸ்பெயின் நாட்டு அரபு மருத்துவர் இப்னு ஸுஹ்ர் இதய உறையின் அழற்சியைத் தனி நோயாக எழுதினார். 1669-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோயர் தன் இதய நூலில் இன்னும் ஒரு படி போனார். பைக்குள் நீர் நிறைந்தால் அது இதயத்தை நெருக்கும், இதயத்துக்குள் ரத்தம் வர வழி இருக்காது, துடிப்பு தளர்ந்து உயிர் போகும் என்று காரணத்தையே விளக்கினார்.

இவ்வளவு தெரிந்தும் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு இந்த நோய் இருக்கிறதா என்று சொல்ல வழி இல்லை.

விரலும் காதும்

வழி ஒரு சத்திரக்காரர் மகனிடமிருந்து வந்தது. ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவுன்புருக்கர் 1761-ல் மார்பை விரலால் தட்டிப் பார்த்து உள்ளே நீர் இருக்கிறதா என்று அறியும் முறையை வெளியிட்டார். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மது இருக்கிறது என்று பார்ப்பார்களே, அதே உத்தி. கம்பம் பக்கம் தேங்காய் வியாபாரிகள் சுண்டிப் பார்த்தே காயின் முற்றலைச் சொல்லிவிடுகிறார்கள் இல்லையா, அது மாதிரிதான்.

அடுத்தது காது. பாரிஸில் ரெனே லென்னக் 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். அவரிடம் உதவியாளராக இருந்த விக்டர் கோலின் 1824-ல் அந்தப் புதுத்தோல் சத்தத்தை இதய உறை அழற்சியின் அடையாளமாக எழுதினார். உயிரோடு இருப்பவரிடம் இந்த நோயைக் கண்டுபிடிக்க முதல் தடவையாக ஒரு நம்பகமான அடையாளம் கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 1826-ல், லென்னக் இறந்து போனார். அவரைக் கொண்டு போனது காசநோய்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? நீரை எடுக்க வேண்டுமே! ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ ரொமேரோ 1801-ல் மார்பைத் திறந்து இதய உறை நீரை வெளியேற்றினார். வியன்னாவில் பிரான்ஸ் ஷூ 1840-ல் ஊசி முறையில் எடுத்தார். மயக்க மருந்து அறுவை சிகிச்சைக்கு வராத காலம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இறுகிப்போன உறையின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1842-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் அதைத் தெளிவாக விவரித்தவர் நார்மன் செவர்ஸ். இவர் பின்னர் கம்பெனி மருத்துவப் பணியில் இந்தியா வந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். மூச்சை இழுக்கும்போது நாடி மங்குவதை 1873-ல் ஜெர்மனியின் அடால்ஃப் குஸ்மால் கவனித்துச் சொன்னார். இறுகிய உறையை உரித்து எடுக்கலாம் என்று பிரான்சின் எட்மோன் டெலோர்ம் 1898-ல் யோசனை சொல்ல, 1913 வாக்கில் ஜெர்மனியில் லுட்விக் ரென்னும் சாவர்புருக்கும் அதைச் செய்து காட்டினார்கள்.

கடைசியாகக் கண். ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-ல் ஒலி அலையால் இதயத்தைப் பார்த்தார்கள். 1965-ல் அமெரிக்காவின் ஹார்வி ஃபைகன்பாம் அதே முறையில் இதய உறை நீரைக் காட்டினார். இன்று எல்லோரும் "எக்கோ" என்று சொல்வது இதைத்தான். 1,800 வருஷமாகப் பிணத்தில் பார்த்ததை இப்போது சில நிமிஷத்தில், ரத்தம் சிந்தாமல் பார்க்க முடிகிறது.

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

ஆனால் எக்கோ நீரைக் காட்டும், நோயைக் குணப்படுத்தாது. காசநோயால் வந்த இதய உறை அழற்சிக்கு மருந்தே இல்லாத காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-ல் ஐசோனியஸிட் வந்தது. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைய இந்தியாவில் வேறு ஒரு சிக்கல்: படுக்கை இல்லை!

காசநோய் வந்தால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, இதற்கெல்லாம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் சேர வேண்டும் என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த சானடோரியம் அந்த நம்பிக்கையில் வந்ததுதான். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே போவது?

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி தங்கள் சொந்த வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷத்துக்கு. வீட்டில் இருந்தவர்களுக்கு இடமும் நெருக்கடி, சாப்பாடும் மட்டம். ஓய்வும் குறைவு.

1959-ல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பாதிக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்பது நிரூபணமானது. சானடோரியம் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. கிராமத்தில் இருப்பவனும் மாத்திரை வாங்கிப் பிழைக்கலாம் என்ற நிலை பிறந்தது. சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம்தான் 2011-ல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது.

இங்கே ஒரு சுவாரஸ்யமான தகவல். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை பகுதியில் காசநோயால் இதய உறை பாதித்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் 1987-லும் 1988-லும் லான்செட் இதழில் வெளியாயின. காசநோய் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்தால் இறப்பு குறைகிறது என்றன அவை. ஆய்வாளர் பட்டியலின் கடைசியில் இருக்கும் பெயர்: வாலஸ் ஃபாக்ஸ். சென்னையில் பாடம் படித்தவர்தான்! பிறகு 2014-ல் ஆப்பிரிக்காவில் 1,400 பேரிடம் போங்கானி மயோசி குழு பெரிய அளவில் சோதித்தபோது ஸ்டீராய்டால் இறப்பு குறையவில்லை. ஆனால் உறை இறுகிப்போவது குறைந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதில் ஆபத்தும் இருந்தது. இப்படித்தான் ஒவ்வொரு விடையும் அடுத்த சோதனையில் திருத்தப்படுகிறது.

வேலியோரத்துக் காந்தள்

இன்னொரு மருந்தின் கதை நம் மண்ணுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மழை பெய்ததும் வேலிகளில் தீப்பிடித்த மாதிரி சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது காந்தள்தான். கிராமத்தில் கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்பார்கள். அதைத் தின்று செத்தவர்கள் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் பிள்ளைகளைத் தொட விடமாட்டார்கள்.

அந்த விஷத்தின் பெயர் கோல்சிசின். ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து 1820-ல் பிரித்தெடுத்தார்கள். கௌட் என்னும் மூட்டுவலிக்கு அந்தச் செடியைப் பழங்காலத்திலிருந்தே கொடுத்து வந்தார்கள். நம் காந்தளிலும் அதே பொருள் இருப்பதை 1915-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதய உறை அழற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வைரஸால் வரும் வகையில் ஒரு பெரிய தொல்லை, அது திரும்பத் திரும்ப வரும். இத்தாலியில் மாசிமோ இமாசியோ குழு 2005-ல் 120 பேரிடம் சோதித்தது. வழக்கமான மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு ஒன்றரை வருஷத்துக்குள் நோய் திரும்பியது. கோல்சிசினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் சுமார் 11 சதவீதம்தான். 2013-ல் 240 பேரிடம் நடந்த அடுத்த சோதனையும் இதை உறுதி செய்தது. இப்போது உலகம் முழுக்க ஆஸ்பிரின் வகை மருந்தோடு கோல்சிசினும் முதல் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது.

ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கம் பந்தல் போட்டுக் காந்தள் பயிர் செய்கிறார்கள். கிழங்கை நட்டு, கையாலேயே மகரந்தம் சேர்த்து, காய்த்த விதையை வியாபாரிகளிடம் விற்கிறார்கள். விலை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும். விதை கோல்சிசின் பிரிக்கும் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. ஐரோப்பாவில் ஒருவர் நெஞ்சு வலிக்கு விழுங்கும் மாத்திரையில் ஒட்டன்சத்திரத்து விவசாயியின் உழைப்பு இருக்கலாம். அவருக்கு அது தெரியாது. இவருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. காசநோயால் வரும் அழற்சிக்குக் கோல்சிசின் பலன் தந்ததாக நிரூபணம் இல்லை. அதற்குக் காசநோய் மருந்துதான். அதே போல, "நம்ம ஊர்ப் பூதானே" என்று கிழங்கை அரைத்துக் குடிப்பது தற்கொலைக்குச் சமம். மருந்தின் அளவு மில்லிகிராமில், அதுவும் அரை மில்லிகிராம் மாத்திரையாக வருவது. கிழங்குக்கு அந்த அளவு தெரியாது.

மதுரை ரோடு

1996-ல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், பெரிய நோய் என்றால் அல்லிநகரத்துக்காரருக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரிதான். 75 கிலோமீட்டர் போக வேண்டும். கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். நெஞ்சில் நீர் கோத்தவருக்கு அது நீண்ட தூரம். 2004-ல் தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்குப் பிறகு தூரம் குறைந்துவிட்டது.

குறையாத தூரம் ஒன்று இருக்கிறது. அது முதல் வலிக்கும் முதல் பரிசோதனைக்கும் நடுவில் உள்ள நாட்கள். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இவற்றோடு நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டது போலத் தெரியும். அப்போது நிறுத்துபவர்கள்தான் மறுபடியும் வந்து நிற்கிறார்கள். காசநோய் என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள், வேலை போய்விடும் என்று மறைப்பவர்களும் உண்டு. அப்படி மறைத்த மாதங்களில்தான் உறை இறுகுகிறது.

கேலனுக்கு ஸ்டெதாஸ்கோப் இல்லை. லென்னக்குக்கு மாத்திரை இல்லை. 1956-ல் சென்னையில் பலருக்குப் படுக்கை இல்லை. இன்றைக்கு மூன்றும் இருக்கிறது. ஓமத் தண்ணீர் குடித்துப் பார்ப்பதில் தப்பில்லை. அது கேட்கவில்லை என்றால் க.விலக்குக்கு அடுத்த வாரம் போகலாம் என்று இருக்காமல் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவது நல்லது. மூச்சு திணறினால், மயக்கம் வந்தால் பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.